தேய்ந்த காசில் சரித்திரம் கண்ட துரை

கொடைக்கானல் மலையில் பள்ளங்கி என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. மலைச் சரிவில் படிப்படியாக வெட்டிய நிலங்கள். பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் பூமி.

பள்ளங்கி போன்ற ஊர்களில், பாட்டி காலத்துப் பெட்டியைத் துழாவினால் அடியில் ஒரு செம்புக் காசு அகப்படுவது உண்டு. அது கறுத்துப் போயிருக்கும். உருவம் பாதி தெரியும், பாதி தெரியாது. எழுத்து இருந்த இடம் வெறும் தடமாக இருக்கும்.

உடனே என்ன செய்வார்கள்? கொஞ்சம் புளியை எடுத்து, சாம்பலைச் சேர்த்து, பித்தளைச் செம்பைத் துலக்குவது போலத் துலக்கி விடுவார்கள். காசு பளபள என்று மின்னும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் காசின் மதிப்பில் பெரும்பகுதி அந்த நிமிஷமே தண்ணீரோடு போய்விடும்.

செம்புக் காசின் மதிப்பு அதன் மினுமினுப்பில் இல்லை. அதில் இன்னும் எவ்வளவு படிக்க முடிகிறது என்பதில்தான் இருக்கிறது. இந்த உண்மையைத் தெரிந்துகொண்டு, தென்னாட்டுப் பழங்காசுகளைத் திரட்டி, வகை பிரித்து, அவற்றைக் கொண்டு மன்னர்களின் சரித்திரத்தை எழுதிய முன்னோடி ஒருவர் உண்டு. அவர் பெயர் சர் வால்டர் எலியட்.

பதினேழு வயதில் சென்னைக்கு

எலியட் ஸ்காட்லாந்து தேசத்தில் எடின்பரோ நகரில் 1803-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி தன் உத்தியோகஸ்தர்களைப் பயிற்றுவிக்க ஹெய்லிபரி என்ற இடத்தில் ஒரு கல்லூரி நடத்தி வந்தது. எலியட் அங்கே படித்தார்.

1821-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர் சென்னைக் கடற்கரையில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 17.

1823-ல் அவருக்கு முதல் உத்தியோகம் கிடைத்தது. சேலம் ஜில்லாக் கலெக்டருக்கு உதவியாளர் வேலை. ஆகவே, பிற்காலத்தில் காசுகளின் கதையை எழுதிய அவர் உத்தியோகத்தில் காலடி வைத்தது தமிழ் மண்ணில்தான்.

அந்தக் காலத்துப் பணப் புழக்கம் பெரிய குழப்பம். வராகன், பணம், காசு என்று பல நாணயங்கள். வராகன் தங்கம். காசு செம்பு. பழைய கணக்கில் 80 காசு சேர்ந்தால் ஒரு பணம். 1818-ல்தான் சென்னை மாகாணத்தில் ரூபாயைக் கணக்குக்கு ஆதாரமாக வைத்தார்கள். ஆனாலும் கடைவீதியில் பழைய காசுகள் புழங்கிக்கொண்டுதான் இருந்தன. கம்பெனிக் காசு, நாயக்கர் காசு, டச்சுக்காரர் காசு எல்லாம் ஒரே சுருக்குப் பையில் கிடந்தன.

இவற்றைப் பிரித்தறிவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். காசைத் தட்டி ஓசை கேட்பார்கள். கையில் வைத்து எடை பார்ப்பார்கள். நிறம் பார்ப்பார்கள். இதற்கு நோட்டம் பார்ப்பது என்று பெயர். இது நேற்று வந்த தொழில் அல்ல. சங்க காலத்திலேயே நாணயம் சோதிப்பவரை வண்ணக்கர் என்று அழைத்தார்கள். சங்கப் புலவர்களில் சிலர் பெயரோடும் வண்ணக்கன் என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நோட்டக்காரருக்கு ஒரே கேள்விதான். இந்தக் காசு செல்லுமா, செல்லாதா? எலியட் கேட்ட கேள்வி வேறு. இதை அடித்தவர் யார்? எந்த நாட்டில்? எந்தக் காலத்தில்?

கோட்டைக்குள் கைதி

சேலத்தில் எலியட் நீடிக்கவில்லை. அவரைத் தார்வார் பகுதிக்கு மாற்றினார்கள். அது இன்றைய கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது.

அங்கே கிட்டூர் என்ற சிறு சமஸ்தானம் இருந்தது. மன்னர் வாரிசு இல்லாமல் இறந்தார். தத்துப் பிள்ளையைக் கம்பெனி ஏற்க மறுத்தது. ராணி சென்னம்மா பணியவில்லை. 1824-ஆம் ஆண்டு அக்டோபரில் கிட்டூர்க் கோட்டை வாசலில் சண்டை மூண்டது. கம்பெனியின் கலெக்டர் தாக்கரே அதில் உயிரிழந்தார். இளைஞர் எலியட்டும், ஸ்டீவன்சன் என்ற இன்னொரு உதவியாளரும் ராணியின் ஆட்களிடம் சிக்கினார்கள்.

சில வாரங்கள் அவர்கள் கைதிகளாக இருந்தார்கள். ராணி நினைத்திருந்தால் அவர்களைக் கொன்றிருக்கலாம். கொல்லவில்லை. உயிரோடு திருப்பி அனுப்பினார். பிறகு கம்பெனி பெரும் படையோடு வந்து கோட்டையைப் பிடித்தது. சென்னம்மா சிறையிலேயே 1829-ல் காலமானார்.

அன்று எலியட்டின் வயது 21. அந்த உயிர் தப்பியிராவிட்டால் தென்னாட்டுக் காசுகளின் முதல் பெரிய நூல் ஒன்று அவர் கையால் பிறந்திருக்காது.

கல்லும் காசும்

தார்வார்ப் பக்கத்தில் ஊருக்கு ஊர் பழைய கோயில்கள். கோயிலுக்குக் கோயில் கல்வெட்டுகள். எலியட் உத்தியோகம் பார்த்த நேரம் போக, மீதி நேரத்தில் கல்வெட்டுகளைத் தேடி அலைந்தார். எழுத்துத் தெரிந்த உள்ளூர் ஆட்களைக் கொண்டு அவற்றைப் படி எடுக்கச் செய்தார். இப்படி ஏறத்தாழ 600 கல்வெட்டுகள் சேர்ந்தன. அவற்றைக் கொண்டு சாளுக்கிய மன்னர்களின் வரிசையைத் தொகுத்து எழுதினார். 1837-ல் அந்தக் கட்டுரை லண்டனில் வெளிவந்தது.

கல்வெட்டோடு அவர் காசுகளையும் சேர்த்துப் பார்த்தார். சாளுக்கியரின் சின்னம் பன்றி, அதாவது வராகம். பழைய பொற்காசிலும் பன்றி உருவம் இருந்தது. வராகன் என்ற பெயரே அதிலிருந்துதான் வந்தது. கல் சொன்னதைக் காசும் சொன்னது.

சோழருக்குப் புலி, பாண்டியருக்கு மீன், சேரருக்கு வில். காசில் மன்னன் பெயர் தேய்ந்து போயிருந்தாலும், சின்னத்தில் ஒரு மீன் வால் மிஞ்சியிருந்தால் போதும். அது எந்தக் குலத்துக் காசு என்று தேடத் தொடங்கலாம்.

தங்கக் காசைப் பத்திரமாக வைக்க எல்லோருக்கும் தெரியும். செம்புக் காசின் கதி வேறு. செல்லாத செம்புக் காசு கன்னார் பட்டறை உலைக்குப் போய்க் குடமாகவும் தட்டாகவும் மாறியது. எத்தனை மன்னர்களின் பெயர்கள் அந்த உலையில் உருகிப் போயினவோ! ஆகவே தேய்ந்த காசைக்கூட விடாமல் சேர்ப்பது அவசரமான வேலையாக இருந்தது.

ஒரு காசை எப்படிப் பார்ப்பது?

இராஜராஜ சோழன் பெயர் பொறித்த செம்புக் காசை உதாரணமாகக் கொள்ளலாம். தமிழ்நாட்டில் ஏராளமாகக் கிடைத்த காசு அது. இலங்கை அரசர்களும் அதே மாதிரியில் காசு அடித்தார்கள். ஒரு பக்கம் நிற்கும் மனித உருவம். மறு பக்கம் உட்கார்ந்த உருவம். அதன் அருகே நாகரி எழுத்தில் மன்னன் பெயர்.

இந்தக் காசு கைக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது தேய்மானம். காசில் மேடாக இருக்கும் இடம்தான் முதலில் தேயும். பள்ளத்தில் இருக்கும் கோடு கடைசி வரை நிற்கும். உருவம் மழுங்கியும் எழுத்து நின்றால் அது நல்ல காசு. உருவம் நின்று எழுத்து போயிருந்தால் மதிப்பு குறையும்.

இரண்டாவது, அடி விழுந்த விதம். அக்காலத்தில் யந்திரம் இல்லை. கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, நடுவில் செம்புத் துண்டு. சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. அச்சு பெரிது, செம்புத் துண்டு சிறிது. ஆகவே முழு உருவமும் எழுத்தும் ஒரே காசில் அமைவது அபூர்வம். ஒரு காசில் தலை இருக்கும், கால் இருக்காது. இன்னொன்றில் கால் இருக்கும், தலை இருக்காது. இது தேய்மானம் அல்ல. தேய்ந்த இடம் வழவழப்பாக இருக்கும். அடி விழாத இடத்தில் செம்புத் துண்டின் பழைய முகம் அப்படியே நிற்கும்.

இதனால்தான் ஒரே வகைக் காசு பத்து இருந்தாலும் பத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் முதல் எழுத்து, மற்றொன்றில் கடைசி எழுத்து. எல்லாவற்றையும் அடுக்கினால் முழுப் பெயர் கிடைக்கும். தனியாகப் பார்த்தால் எதற்கும் உதவாத காசு, கூட்டத்தில் சேர்ந்தால் சாட்சி சொல்லும்.

மூன்றாவது, களிம்பு. செம்பு மண்ணில் கிடந்தால் மேலே ஒரு படலம் பிடிக்கும். கரும்பச்சையாகவோ, பழுப்பாகவோ, கறுப்பாகவோ, கெட்டியாகவும் வழவழப்பாகவும் இருந்தால் அது காசுக்குக் கவசம். உள்ளே இருக்கும் கோடுகளை அதுதான் காக்கிறது. புளியும் எலுமிச்சையும் அந்தக் கவசத்தைக் கரைத்துவிடும். செங்கல் பொடி கோடுகளையே அரைத்துவிடும்.

ஆனால் வெளிர் பச்சையாக, மாவு போல உதிரும் புள்ளிகள் தெரிந்தால் அது வேறு. உப்பு சேர்ந்து செம்பைத் தின்னும் நோய் அது. ஈரம் பட்டால் வளரும். அந்தக் காசை உலர்ந்த இடத்தில் தனியாக வைக்க வேண்டும்.

நான்காவது, விளிம்பு. போலிக் காசுகளில் பல, அடித்தவை அல்ல, வார்த்தவை. விளிம்பைச் சுற்றி மெல்லிய ஒட்டுக்கோடு தெரிகிறதா, முகத்தில் சிறு துளைகள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். எடையும் ஒத்து வர வேண்டும்.

கடலில் மூழ்கிய காசுகள்

காசின் நிலைமை எப்படியெல்லாம் மாறும் என்பதற்கு ஒரு கப்பல் சாட்சி.

கம்பெனியார் சென்னை மாகாணத்துக்கான செம்புக் காசுகளை இங்கிலாந்தில் யந்திரத்தில் அடித்துக் கப்பலில் அனுப்பினார்கள். அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் அப்படிப் புறப்பட்டது. அதில் 1808-ஆம் ஆண்டு அடித்த பத்துக் காசு, இருபது காசு நாணயங்கள் டன் கணக்கில் இருந்தன. 1809-ஆம் ஆண்டு ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டு அகலுமுன்பே புயலில் சிக்கி, மணல் திட்டில் மோதி மூழ்கியது.

1980-களில் முக்குளிப்பவர்கள் அந்தக் காசுகளை வெளியே எடுத்தார்கள். பீப்பாய்க்குள் இறுகிக் கிடந்த காசுகள் புத்தம் புதிதாக வெளிவந்தன. மணலில் சிதறிய காசுகளைக் கடல் அரித்துவிட்டது. ஒரே ஆண்டு, ஒரே ஆலை, ஒரே கப்பல். ஆனாலும் ஒன்று புதுக் காசு, இன்னொன்று வெறும் தகடு!

அதே மாதிரிக் காசுதான் சென்னைக்கு வந்து சேர்ந்து, சந்தைக்குச் சந்தை கை மாறி, இன்று ஏதோ ஒரு வீட்டுப் பெட்டியில் கறுத்துக் கிடக்கிறது.

மேல்நாட்டில் இந்த நிலைமைக்கு மார்க் போடும் வழக்கம் உண்டு. 1949-ல் ஷெல்டன் என்ற அமெரிக்க டாக்டர், அந்நாட்டுப் பழைய செம்பு சென்ட் நாணயங்களுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். பிறகு அது உலகெங்கும் பரவியது. அதில் ஒரு வேடிக்கை. நல்லது என்று பெயர் பெற்ற காசுக்கு 70-க்கு 4 மார்க்தான்! வியாபாரி நல்ல காசு என்று சொன்னால், அது மிகவும் தேய்ந்த காசு என்றே அர்த்தம்.

யந்திரத்தில் அடித்த காசுக்கு இந்த மார்க் பொருந்தும். சோழன் காசுக்கும் பாண்டியன் காசுக்கும் அப்படியே பொருந்தாது. ஒரே ஒரு காசு மட்டும் கிடைத்து, அதில் ஒரு புதிய மன்னன் பெயர் இருந்தால், அது எவ்வளவு தேய்ந்திருந்தாலும் விலை மதிக்க முடியாதது.

அமராவதிக் கற்கள்

எலியட் 1833-ல் விடுமுறையில் தாயகம் புறப்பட்டார். செங்கடல் வழியாகச் சென்று, எகிப்து பாலைவனத்தைக் கடந்து பயணம் செய்தார். 1836-ல் மீண்டும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். சென்னைக் கவர்னராக நியமனம் பெற்ற எல்பின்ஸ்டன் பிரபு அவருடைய உறவினர். அவருக்கு எலியட் அந்தரங்கக் காரியதரிசி ஆனார்.

1845-ல் குண்டூர் ஜில்லாவில் வரி நிர்வாகம் சீர்கெட்டுக் கிடந்தது. அதை விசாரிக்க எலியட்டை அனுப்பினார்கள். கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் முதல் வீடுகளைக் கட்டியதும் அதே ஆண்டுதான்.

குண்டூர் அருகே கிருஷ்ணா நதிக் கரையில் அமராவதி. அங்கே ஒரு பழைய பௌத்த ஸ்தூபம் மண்மேடாகக் கிடந்தது. எலியட் அதைத் தோண்டினார். அற்புதமான சிற்பக் கற்கள் வெளிவந்தன. அவை சென்னைக்கு வந்து பல ஆண்டு வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1859-ல் கப்பலேறி லண்டன் போயின. இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. எலியட் சலவைக் கற்கள் என்றே வெகுகாலம் அவற்றை அழைத்தார்கள்.

கற்களைக் காத்தவரும் அவர்தான். அவை இந்த மண்ணை விட்டுப் போகக் காரணமானவரும் அவர்தான். அவருடைய காசுத் திரட்டும் பிற்பாடு அதே மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்லும்போது நிறையோடு குறையையும் சொல்லத்தான் வேண்டும்.

எலியட்டின் ஆர்வம் பிராணிகள் மீதும் இருந்தது. பரிணாமக் கொள்கையை வெளியிட்ட விஞ்ஞானி டார்வின் உலகெங்கும் புறாத் தோல்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். இந்தியாவிலிருந்து அவற்றை அனுப்பியவர் எலியட். 1859-ல் வெளிவந்த தம் நூலில் டார்வின் அவர் பெயரைக் குறிப்பிட்டு நன்றி சொல்லியிருக்கிறார். சென்னை மர மூஞ்சூறு என்ற பிராணியின் விஞ்ஞானப் பெயரிலும் எலியட்டின் பெயர் இருக்கிறது.

பார்வை போயிற்று, நினைவு போகவில்லை

1854 முதல் சென்னைக் கவர்னரின் ஆலோசனை சபையில் அங்கத்தினராக இருந்த எலியட், 1860-ல் ஓய்வு பெற்றார். ஸ்காட்லாந்தில் உல்ப்லீ என்ற தம் குடும்பப் பண்ணைக்குத் திரும்பினார். 1866-ல் சர் பட்டம் கிடைத்தது.

வயது ஏறியது. கண் மங்கியது. நாளடைவில் பார்வை ஏறக்குறைய முழுதும் போய்விட்டது. காசு ஆராய்ச்சிக்குக் கண்தான் மூலதனம். அந்த மூலதனமே போனால் மற்றவர்கள் மூலையில் உட்கார்ந்து விடுவார்கள். எலியட் உட்காரவில்லை.

அறுபது ஆண்டுகளாகப் பார்த்த காசுகள் அவர் மனத்தில் பதிந்திருந்தன. எந்தக் காசில் எந்தச் சின்னம், எந்தக் கல்வெட்டில் எந்தப் பெயர் என்ற நினைவு மங்கவில்லை. 1885-ல், 80 வயதைத் தாண்டிய பிறகு, தென்னிந்திய நாணயங்கள் என்ற நூலை அவர் எழுதி முடித்தார். பாண்டியர், சோழர், சேரர், சாளுக்கியர், விஜயநகர மன்னர் என்று வரிசைப்படுத்தி, காசுகளின் படங்களோடு அந்த நூல் லண்டனில் வெளிவந்தது.

அதைத் தொடர்ந்து தென்னாட்டில் பலர் காசுகளைத் தேடினார்கள். திருநெல்வேலிக் காசுகளைப் பற்றி லோவெந்தால் பாதிரியார் 1888-ல் ஒரு நூல் வெளியிட்டார். திருமங்கலத்தில் இருந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டிரேசி, பாண்டியர் காசுகளைப் பற்றி எழுதினார். தமிழரான தேசிகாச்சாரி தென்னிந்திய நாணயங்களைப் பற்றி எழுதிய நூல் 1933-ல் வந்தது.

கடைசி நாள்

1887-ஆம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி. எலியட்டுக்கு வயது 83. அன்று காலை அவர் ஒரு கடிதம் சொல்லி எழுதச் செய்தார். தம் கையாலேயே கையெழுத்தும் போட்டார்.

கடிதம் யாருக்கு? திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜி. யு. போப்புக்கு. அவருடைய குறள் பதிப்பைப் பற்றிய மகிழ்ச்சியை அதில் தெரிவித்திருந்தார். பழைய தமிழ் நூல்களைப் பற்றியும் விசாரித்திருந்தார்.

அன்று மாலை எலியட் காலமானார். பதினேழு வயதில் கப்பலில் வந்து இறங்கிய அந்த மனிதரின் கடைசி நாளிலும் தமிழ் இருந்தது.

இன்னும் முடியாத கதை

எலியட்டின் நூல் முடிவான நூல் அல்ல. சங்க காலப் பாண்டியரின் பெயர் பொறித்த காசு அவர் காலத்தில் தெரியாது. 1980-களில்தான், பத்திரிகை ஆசிரியரும் நாணய ஆராய்ச்சியாளருமான இரா. கிருஷ்ணமூர்த்தி சதுரமான ஒரு சிறு செம்புக் காசில் பெருவழுதி என்ற பாண்டியன் பெயரைப் பழந்தமிழ் எழுத்தில் படித்தார். இலக்கியத்தில் மட்டும் கேள்விப்பட்ட பெயர் செம்பில் எழுந்து நின்றது.

அந்தக் காசு யாராவது ஒருவர் கையில் புளிக்கும் சாம்பலுக்கும் இரையாகியிருந்தால்? அந்த எழுத்து அன்றே போயிருக்கும்.

நிலத்தில் புதைந்த பழங்காசு கிடைத்தால் அதற்குச் சட்டம் இருக்கிறது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தென்னாட்டு நாணயங்களின் பெரிய திரட்டு இருக்கிறது.

வீட்டுப் பெட்டியில் இருக்கும் காசுக்கு இத்தனை பாடு தேவையில்லை. விளிம்பைப் பிடித்து எடுக்க வேண்டும். ஈரம் இல்லாத துணியில் மண்ணை மெதுவாகத் தட்டிவிட வேண்டும். வெயிலில் சாய்த்துப் பிடித்தால், மறைந்திருந்த கோடு நிழல் விழுந்து தெரியும். தெரிந்ததைக் குறித்துக்கொண்டு, காகிதத்தில் மடித்து வைக்க வேண்டும்.

புளியைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம்.